ஏணைக்கு மேலே கமரா

மார்ச் 3, செவ்வாய்

வெயில் காலையிலேயே. உடுப்புப் பத்து மணிக்குள் காய்ந்துவிட்டது.

கமரா போர்டு ஒருவழியாக வேலை செய்கிறது. பெருவிரல் அளவு. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் வாங்கி, அலுமாரிக்குள் கிடந்தது. யூ.எஸ்.பி. செருக வாய் இல்லை; அதற்குத் தனியாக ஓர் இணைப்பான், நாலு வயர். புரோகிராம் ஏற்றும்போது போர்டின் இரண்டு ஊசிக்கால்களை ஒரு வயரால் இணைக்க வேண்டும், ஏற்றியதும் கழற்ற வேண்டும். கழற்ற மறந்துவிட்டு அரை நாள் போர்டைத் திட்டினேன். கம்பஸில் கம்ப்யூட்டர் படித்தவளாம்.

கிணற்றடியில் மோட்டர் போட்டால் பிள்ளை அழுவது கேட்காது. போன கிழமை வந்து பார்த்தால், பூனை எட்டி, பிள்ளை படுக்கிற ஏணைச் சேலையைப் பிராண்டிக்கொண்டு நிற்கிறது. அன்றிலிருந்து குளிப்பு என்றால் இரண்டு வாளி, ஓட்டம்.

முதலில் பால்மா ரின்னுக்குள் வைத்தேன். தகரம், வைபை பிடிக்கவில்லை. பிறகு சவர்க்காரப் பெட்டி, ஒரு ஓட்டை. படம் தலைகீழ். பிள்ளை முகட்டில் ஒட்டிக் கிடப்பது போல. ஒரு வரி மாற்றச் சரி.

போன் திரையை அப்படியே படம் பிடித்து இவருக்கு அனுப்பினேன். கட்டாரிலிருந்து நேரே பார்க்க முடியாது, எங்கள் வைபைக்குள் மட்டும்தான் என்றேன். வீடியோ கோலில் முகத்தை நீட்டினார்.

மாலையில் கை தவறிப் போர்டின் வெள்ளை லைட் எரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், அக்கா வீட்டு முற்றத்தில் அத்தான்.

“என்ன வினோ, உள்ளுக்கை மின்னல் வெட்டுது?”

“ஒண்டுமில்லை அத்தான். பிள்ளையைப் பாக்கக் கமரா.”

“அப்ப இனி நாங்கள் தலை இழுத்து, பவுடர் பூசிக்கொண்டுதான் உங்காலை திரும்பவேணும்.”

அக்கா அவருக்குப் பின்னால் தேங்காய் உரித்துக்கொண்டு இருந்தாள். நிமிரவில்லை.

மார்ச் 5, வியாழன்

மதியம் கிணற்றடியில் போனைத் திறந்தால் கமரா வரவில்லை. வெள்ளைப் பக்கம், சுற்றிக்கொண்டே. ஈரத் தலையோடு ஓடினேன். பிள்ளை நல்ல நித்திரை. போர்டில் விரல் வைக்கச் சுட்டது. சார்ஜர் பழசு, அதுதான். மாற்றினேன். மாலையில் ஒழுங்காக வந்தது.

பிள்ளையின் கீழ் முரசில் வெள்ளையாக ஏதோ. பல்லா?

பருப்பு முடிந்தது. வாங்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

மறுபடியும் மதியம். காலையில் வரும், மாலையில் வரும், பிள்ளை மதியம் படுத்தால் வராது. சூட்டால் என்று நினைத்து மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். பயனில்லை.

பிள்ளை தூங்கிய பிறகு இருந்து வாசித்தேன். இந்தப் புரோகிராம் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் படம் கொடுக்குமாம். ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்தவருக்கு வெள்ளைப் பக்கம்தான். திரும்பவும் வாசித்தேன்.

நான் பார்க்கவில்லை. அப்படியென்றால் யார்?

அக்காவுக்கும் எனக்கும் சீதனமாகப் பிரித்த காணி. நடுவில் வேலி. கிணறு பங்கு, வைபையும் பங்கு. கமராவுக்குப் பாஸ்வேர்ட் போடவில்லை, வீட்டுக்குள் யார் என்று நினைத்து.

அந்தப் பக்கம் இரண்டே இரண்டு போன். அக்கா எங்கள் பக்கம் தலை திருப்புவதே இல்லை. மிச்சம் அத்தான்.

அந்த அறையில்தான் பால் கொடுக்கிறேன். குளித்துவிட்டு அங்கேதான் உடுப்பு மாற்றுகிறேன். செவ்வாயிலிருந்து.



மார்ச் 7, சனி

கமராவை நப்கின் துணியால் மூடினேன். பால் குசினிக்குள், புகைக்குள் இருந்து கொடுத்தேன்.

அத்தான் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “என்ன வினோ, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு. நித்திரை இல்லையோ?”

என் முகத்தை ஏன் பார்க்கிறார். செவ்வாய் சொன்ன பகிடியும் இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது. தலை இழுத்துக்கொண்டு. யாருடைய தலை.

இவரிடம் சொல்வதா? அடுத்த நிமிடம் அத்தானுக்குக் கோல் எடுப்பார். வைபை பாஸ்வேர்டை மாற்றினால் கிணற்றுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி. அக்கா ஏன் என்று கேட்டால்? உன் புருசன் என்று சொல்வேனா? அவளுக்கு அவரை விட்டால் ஆருமில்லை. பிள்ளையும் இல்லை.

கேட்கமாட்டாள். கதைத்தால்தானே. பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கன்று அவள் தூக்கக் கை நீட்ட, இவரின் அம்மா, என் மாமி, “நீர் கொஞ்சம் நில்லும், பிள்ளை பெத்த ஒராள் முதல் தூக்கட்டும்” என்றா. அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனவள்தான். மாமி சொன்னதற்கு நான் என்ன செய்ய.

மார்ச் 9, திங்கள்

அத்தான் விடியவே தேங்காய் மூட்டைகளோடு கொடிகாமம் சந்தைக்கு. யன்னலால் நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மதியம் பிள்ளை படுத்தது. கமராவை மூடிய துணியை எடுத்தேன். சிறிது நேரம் விட்டுப் போனில் திறந்தேன். வெள்ளைப் பக்கம்.

அவர் போன் அவரோடு சந்தையில். அப்படியென்றால் மற்றப் போன்.

இவருக்கு எடுத்தேன். “நான் அனுப்பின கமராப் படத்தை ஆருக்கும் குடுத்தனீங்களோ?”

“உம்மடை அக்காக்கு.”

“ஏன்?”

“அவ பிள்ளையின்ரை படம் கேக்கிறவ. முந்தியும் அனுப்பினனான். உம்மட்டைச் சொன்னால் கத்துவீர்.”

அந்தப் படத்தின் உச்சியில் கமராவின் முகவரி இலக்கம் முழுதாகத் தெரியும். அக்கா கலியாணத்துக்கு முதல் போன், இன்ரநெற் எல்லாம் உள்ள கொமினிகேசன் கடையில் வேலை செய்தவள். இலக்கத்தை எங்கே அடிப்பதென்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

கோபம்தான் முதலில். கள்ளமாக. பிளக்கைப் பிடுங்கிவிட்டு யன்னலடியில் நின்றேன்.

வேலியில் ஓலை அசைந்தது. அக்கா. கையில் போன், முதுகுக்குப் பின்னால்.

“வினோ.”

முப்பத்தொன்றுக்குப் பிறகு என் பெயர் அவள் வாயில் இன்றுதான்.

“பிள்ளை எழும்பிட்டாளோ?”

“இல்லை. கரண்ட் நிண்டிட்டுது.”

“ஓம், இஞ்சையும்தான்.”

அவள் வீட்டு மின்விசிறி சுற்றும் சத்தம் எனக்குக் கேட்டது. என் வீட்டுச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

“பல்லுக் கடுக்குது போலை. விரலைச் சப்பிக்கொண்டெல்லோ படுக்கிறாள்.” சொல்லிவிட்டு, சரியாக இருந்த ஓலையையே திரும்பவும் செருகிவிட்டுப் போனாள்.

அத்தான் வந்து “வினோ, மாம்பழம்” என்று வேலிக்கு மேலால் தந்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

வெயில். பல்தான். நகம் வைக்கத் தட்டுப்படுகிறது. முதல் பல்லுக்குப் பல்லுக்கொழுக்கட்டை அவிக்க வேண்டும். மாமி வந்து தானே அதைப் பிள்ளையின் தலையில் கொட்டி வாழ்த்துவாவாம். இன்னும் ஓம் சொல்லவில்லை.

சவர்க்காரப் பெட்டியைச் சரித்துக் கட்டினேன். இப்போது ஏணை மட்டும்தான் தெரியும், கட்டில் தெரியாது. பிளக்கைச் செருகினேன்.

மதியம் பிள்ளை படுக்கக் கிணற்றடிக்குப் போனேன். போனைத் திறந்து பார்த்தேன். வெள்ளைப் பக்கம், சுற்றிக்கொண்டிருந்தது.

ஆறுதலாகத் தலை முழுகினேன்.