அத்திபெலேயில் இறக்கிய கிரைண்டர்கள்

26-7-97, சனி

கோவையிலிருந்து பெங்களூர் வந்த எங்கள் பஸ்ஸை கர்நாடக எல்லையில், அத்திபெலே செக்போஸ்டில் பிடித்து வைத்துவிட்டார்கள். வரி கட்டாத வண்டியாம். பஸ் முதலாளி போனை எடுப்பதில்லை. கைப்பை வைத்திருந்தவர்கள் வேறு பஸ் ஏறிவிட்டார்கள். கூரைமேல் எட்டு கிரைண்டர் கட்டியிருந்த நான், சமையல் வேலைக்குப் போகும் கோமளம், டிரைவர் நாணு — மிச்சம்.

27-7

எதிரே புதுக் கடை வரிசை. ஷட்டர் உண்டு, கடை இல்லை. சொந்தக்காரர் சின்னப்பா வராந்தாவில் தங்கச் சொன்னார். தண்ணீர் பின்பக்கம் கிடைக்கிறது. மக்கள் சாது. தமிழ் பேசுகிறார்கள். சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள்.

28-7

போன் செய்தேன். பெங்களூர் மர்பி டவுனில் கிரைண்டர் விற்க எனக்குச் சொன்ன கடையை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. கோமளத்தின் வேலையும் போயிற்று. திரும்பினால் மறுபடி மச்சான் கடையில் பில் போட வேண்டும். அதற்கு இந்த வராந்தா தேவலை.

29-7

சின்னப்பாவிடம் ஒரு கடை கேட்டேன்.

"ஆஷாடத்துல அந்த மாத்தே பேடா சாமி. போகட்டும், பேசலாம்."

ஆஷாடம் முடியும்வரை கடைப் பேச்சே வேண்டாமாம். எனக்கும் ஆடிதான். நல்லதாகப் போயிற்று.

31-7

கோமளம் ஒரு கிரைண்டரை ஓட்டி எங்களுக்கு இட்லி சுட்டாள். சின்னப்பாவின் மனைவி எல்லம்மா எட்டிப் பார்த்தார். "ரவை போடாமயா?" என்று கேட்டுக்கொண்டே ஐந்து தின்றார்.

1-8

காலையில் நான்கு பெண்கள் ஊறிய அரிசியோடு நிற்கிறார்கள். கிரைண்டர் வேண்டாமாம், அரைத்துக் கொடுத்தால் போதுமாம். எரிச்சலாக இருந்தது. சாயங்காலம் பத்துப் பேர். எரிச்சல் போய்விட்டது.

3-8, அமாவாசை

சின்னப்பா வந்தார். "நாளைக்கு சிராவண சோமவாரம். பால் காய்ச்சிடுங்க."

"ஆடி இன்னும் பாதி இருக்குதுங்களே."

"எந்த ஆடி? இன்னைக்கு முடிஞ்சோச்சு. ஜெராக்ஸ்காரன் நாளைக்கே வர்றேன்றான்."

இவர்கள் மாதம் அமாவாசையோடு முடிகிறது. நம்முடையது முடியவில்லை. இரண்டும் ஒன்றென்று நினைத்து உட்கார்ந்திருந்தேனே — வியாபாரியா நான்? ஆடியில் எப்படிக் கடை திறப்பது? திறக்காவிட்டால் ஜெராக்ஸ்.

இந்த நேரம் பார்த்து நாணு வருகிறான். "வண்டியை விட்டுட்டாங்கண்ணா. காலைல ஊருக்குத் திரும்பறேன். கிரைண்டரை ஏத்தட்டுங்களா?"

கோமளம் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "ஆடி நமக்குத்தானேண்ணா? சின்னப்பாவுக்கு இல்லையே. பாலை அவரே காய்ச்சட்டும்."

4-8, திங்கள்

எல்லம்மா பால் காய்ச்சினார். பொங்கியது. நாணு காலி வண்டியை எடுத்தான்.

"மச்சான் கேட்டா என்னங்ண்ணா சொல்றது?"

"ஒரு கடைல வேலைக்குச் சேந்துட்டேன்னு சொல்லு."

பேசி முடித்தது: ஆவணி பிறக்கும் வரை கடை சின்னப்பாவுடையது, எனக்கும் கோமளத்துக்கும் ஆளுக்கு நாற்பது ரூபாய் தினக்கூலி. ஆவணி ஒன்று முதல் கடை எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி. வாடகை மாதம் எழுநூறு. எல்லம்மாவுக்குத் தினம் ஒரு சொம்பு மாவு, ரவை கலக்காமல்.