கிடைக்காத ஊசிமுனை

குன்னத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

தமிழ்மதி எழுதுகிறேன். நானும் நம் பாப்பா அக்ஷராவும் இங்கே சுகம். போனில் பேசினால் பாதியில் நீங்கள் அதட்டிவிடுவீர்கள், நானும் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அக்ஷராவுக்குச் சளி விட்டுவிட்டது. பனியன் கம்பெனி வேன் இப்போது ஆறரைக்கே வந்து நிற்கிறது. மோட்டாரைப் பார்க்கத் தங்கவேலு அண்ணன் இதோ வருகிறேன் என்று சொல்லியே பத்து நாளாகிறது.

புதன்கிழமை நீங்கள் போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. துப்பாக்கிப் பயிற்சியில் அந்தக் காவலர் விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை. துப்பாக்கியைத் திறந்து பார்க்கப் போனபோது வெடித்து, இரண்டு விரல் போய்விட்டது. அதே பெட்டித் தோட்டாக்களை நீங்கள் உங்கள் ஆய்வகத்தில் சோதித்ததில் இருநூறில் மூன்று தாமதமாக வெடித்தன. இருந்தும் உங்கள் அதிகாரி, வெடிக்காதபோது விதிப்படி அரை நிமிடம் பொறுக்காதது காவலரின் தவறு என்று மட்டும் அறிக்கையில் எழுதச் சொல்கிறார். “எழுதிக் குடுத்துட்டு ஊருப்பக்கமே மாத்தல் வாங்கிட்டு வந்தர்றேன் கண்ணு” என்றீர்கள். மாற்றல் என்றதும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்களிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. எங்கள் கம்பெனியில் தையல் மிஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டிய பிறகுதான் லைன் ஓடும். கிடைக்காவிட்டால் அந்தத் துணிக்கட்டு முழுவதையும் ஒதுக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன், கைக்குழந்தைச் சட்டை ஆர்டர். ரங்காத்தாள் அக்கா மிஷினில் ஊசி உடைந்து, முனை மட்டும் கிடைக்கவில்லை. துணியில் இரும்பு இருந்தால் காட்டும் மிஷினும் அன்று ரிப்பேர். கன்டெய்னர் வாசலில் நிற்கிறது. “முனை கெடைச்சுதுங்களா, லைன உடலாங்களா” என்று சூப்பர்வைசரான என்னிடம் வந்து வந்து கேட்டார்கள். நான் பழைய ஊசி ஒன்றை உடைத்து, அதன் முனையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கிடைக்காத அந்த முனை எந்தச் சட்டையோடு போனதோ தெரியாது. அக்ஷராவுக்கு உடுத்திவிடும்போதெல்லாம் உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பேனே, நீங்கள்கூடக் கேலி செய்வீர்களே, அதனால்தான். இன்னும் பயமாக இருக்கிறது மாமா. இனித் தேடவும் வழியில்லை. உங்களுக்கு அப்படியில்லை. நீங்கள் தேடிக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மீதித் தோட்டாக்கள் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன.

மாற்றல் கிடைக்காவிட்டால் போகட்டும். பரீட்சை லீவுக்கு நாங்கள் ரயிலேறி அங்கே வருகிறோம்.

சோதிக்கும்போது வெடிக்காத தோட்டாவை உடனே தொட்டுவிடாதீர்கள். மாரியாத்தா உங்கள் கையைக் காக்கட்டும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன்னும் அரை நிமிடம் பொறுங்கள்.

உங்கள்
தமிழ்மதி