அப்பா வேடத்துக்கு ஆள்

என் தங்கத்துக்கு,

உங்கள் கல்லூரிப் பாட்டு வீடியோவுக்கு நீ கணினியில் போட்டு எங்களுக்கும் பகிர்ந்த திட்டத்தாளில், ‘அப்பா’ வேடத்துக்கு எதிரே உன் மாமா பெயர் இருந்தது. அதை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டது நான்தான். யார் அழித்தார்கள், எத்தனை மணிக்கு என்றெல்லாம் அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும் என்று இந்த எட்டாங்கிளாஸ் மூளைக்குத் தெரியவில்லை.

“என் தம்பிக்குக் களையான முகம். நீங்க கேமராவைப் பார்த்தா முறைப்பீங்க” என்றாள் உன் அம்மா. உண்மைதான். ஆனால் சைக்கிள் பழக்கும் காட்சியில் அவன் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுவதாகப் போட்டிருக்கிறாயே, நிஜத்தில் உன் பின்னால் மூச்சிரைக்க ஓடியது நான்.

அவன் பெயரைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஓடும் கால்களை மட்டும் காட்டும் ஷாட்டுக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கிறது. இந்த முறை கேட்டுவிட்டு எழுதுகிறேன். நான் வரட்டுமா?

முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்கிற,
உன் அப்பா