கடைசி அத்தியாயத்துத் தையல்

ஜூன் 4

என் துப்பறியும் சிங்கத்துக்கு,

நலம்தானே? புதுப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன். மழை, மாளிகை, நூலகத்தில் பிணம். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசிவரை டாக்டரையே சந்தேகித்து வழக்கம்போல் மண்ணைக் கவ்வினேன். கடைசி அத்தியாயத்தைத் தைத்து மூடியிருக்கிறேன். நீதான் தையலைப் பிரிக்காமலே கொலைகாரனைப் பிடித்து, புத்தகத்தையும் திருப்பி அனுப்பிவிடுவாயே! உனக்கு மட்டும் எங்கிருந்துடி இந்த மூளை?

அந்த மூளை இப்போது என் தையல் கடைக்கு வேண்டும். ஒரு கட்டு வெல்வெட்டைக் காணோம். சாவி இருப்பது என் கொழுந்தனிடமும், காஜா எடுக்கும் அக்காவிடமும்தான். அக்கா அதிகம் பேசமாட்டார். வெல்வெட் காணாமல் போன அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டார். கொழுந்தனோ என்னோடு சேர்ந்து தேடு தேடென்று தேடினான். யாரடி எடுத்திருப்பார்கள்? கடையே கலங்கிக் கிடக்கிறது.

உன் தையல்காரி

ஜூன் 12

அருமைத் தையல்காரிக்கு,

கொன்றது தோட்டக்காரனின் மனைவி. செருப்பில் ஒட்டியிருந்த மண் போதாதா? புத்தகம் இதோ, நூல்கூடக் கலையவில்லை.

உன் வெல்வெட் விஷயம் ஜுஜுபி. எந்தக் கதையிலும் வாய் திறக்காதவர்தான் செய்திருப்பார். அக்காதான். கண்ணை மூடிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்து.

உன் சிங்கம்

ஜூலை 2

தோழிக்கு,

நிறுத்திவிட்டேன். துணி வாங்க வந்தவர்கள் முன்னால் வைத்தே கேட்டேன். "இத்தனை வருஷம் கூட இருந்திருக்கேன், என்னைப் போயி கேக்கறியேம்மா" என்றார். "என் ஃப்ரெண்டு சொன்னா தப்பாவே இருக்காது" என்றேன் நான்.

நேற்று கொழுந்தனின் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். சோபா முழுக்க என் வெல்வெட்.

அப்போதும் உன்மேல் கோபம் வரவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து, ஆற்றாமையில் நீ திருப்பிய புத்தகத்தைக் கையில் எடுத்தேன். நான் முடிச்சை உள்ளே தள்ளி மறைப்பவள். இதில் முடிச்சு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அலமாரியில் இருந்த மற்றவற்றையும் இறக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும், பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்த உன் முடிச்சு.

வயிறு எரிகிறதடி. உன் பக்கத்தில் நான் மக்கு என்று எத்தனை வருடம் நம்பியிருக்கிறேன்! போகட்டும், அது விளையாட்டு. ஆனால் கடை விஷயத்தில் நான் விளையாடவில்லை என்று உனக்குத் தெரியும். "எனக்குத் தெரியாது" என்று ஒரு வரி எழுத மனம் வரவில்லையே உனக்கு.

இன்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "திருடின்னு நாலு பேர் முன்னாடி சொன்னே. இப்ப தனியா வந்து அழுவுறியா?" என்று கதவைச் சாத்திவிட்டார். நாளை கடை நிறைய ஆள் இருக்கும்போது உண்மையைச் சொல்லப்போகிறேன். உன்னை இழுக்கமாட்டேன், நம்பியது நான்தானே.

பதில் எழுதாதே. நீ எழுதுவதில் எது நிஜம் என்று துப்பறிந்துகொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.