ஒருக்காப் பிள்ளையைப் பாருங்கோ

இஞ்சாரும்,

இன்று காலை சந்தைக்கு முன்னால் நான் ஒரு கூத்து ஆடிவிட்டேன். கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பீர். பேக்கரி வாசலில் ஒரு சின்னப் பொடியன் தனியே நின்றான். மூன்று வயது இருக்கும். கையில் பாதி தின்ற பணிஸ், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சுற்றிவரச் சனம், மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி ஏற்றிய வண்டி. அவனுக்கென்று ஒருவரும் பக்கத்தில் இல்லை. நான் ஓட்டோவை அப்படியே வீதியில் நிறுத்திவிட்டேன். பின்சீற்றில் கிளினிக்குக்குப் போகிற ஐயா ஒருவர் இருந்தார்.

"என்ன தம்பி, பெற்றோல் முடிஞ்சுதோ?"

"இல்லை ஐயா. அந்தப் பிள்ளையின்ரை ஆக்கள் வரட்டும்."

பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துத் தள்ளினார்கள். ஐயாவுக்குப் பொறுமை போய்விட்டது. "உமக்கென்ன விசரே? தாய் உள்ளுக்கை நிப்பாள். எடும் ஓட்டோவை!" என்று கத்தினார். நான் எடுக்கவில்லை. கடைசியில் தாய் பாண் பையோடு வெளியே வந்தாள். நடுவீதியில் ஓட்டோவை நிறுத்திவிட்டுத் தன் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிற தாடிக்காரனைக் கண்டாள். மகனை இழுத்து இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னை ஒரு முறை முறைத்தாள் பாரும், பிள்ளை பிடிக்கிறவனைக்கூட ஒருவரும் அப்படி முறைத்திருக்க மாட்டார்கள்.

இது உம்முடைய வேலை. நீர் போய்விட்டீர், வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

எங்கள் மகள் உம்முடைய வயிற்றில் இருந்தபோது முல்லைத்தீவில் கிளினிக்குக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? ஆட்கள் இருக்கிற நீட்டு வாங்கில் உமக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டை ஒருத்தி தன் கைக்குழந்தையை உம்மிடம் நீட்டினாள். "அக்கா, ஒருக்காப் பிள்ளையைப் பாருங்கோ. ரெண்டு நிமிசத்திலை வந்திடுறன்" என்றாள். எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதுதான். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளின் மடியில் பிள்ளையை இருத்திவிட்டு நாங்கள் பின்கதவில் தொங்கிக்கொண்டு வருவதில்லையா? நீர் கையைப் பின்னால் எடுத்துவிட்டீர். "நான் பாக்க மாட்டன். தூக்கிக்கொண்டு போங்கோ" என்றீர். வாங்கில் இருந்த அத்தனை பேரும் உம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். "வயித்திலை பிள்ளையை வைச்சுக்கொண்டு என்ன மனசு இவளுக்கு!" என்று ஒரு அம்மா உரத்தே சொன்னார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. வீடு வந்து சேரும்வரை உம்மோடு நான் கதைக்கவில்லை.

அன்று பின்னேரம் குசினியில் வைத்துச் சொன்னீர். கடைசிச் சண்டை நேரம், கடற்கரை மணலில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த நாட்கள். உம்முடைய அம்மா கஞ்சி வரிசைக்குப் போகும்போது, "தம்பியை விட்டிட்டு அசையாதை" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பிக்கு மூன்று வயது. "நான் ரெண்டு நிமிசம் எழும்பினனான்" என்று மட்டும் சொன்னீர். திரும்பி வந்தபோது தறப்பாள் இருந்தது, சனம் இருந்தது, அவன் இல்லை. செத்தவர்களுக்குள்ளும் தேடினீர்கள், தப்பி வந்தவர்களுக்குள்ளும் தேடினீர்கள். ஏன் எழும்பினீர் என்று நான் கேட்டேன். நீர் அடுப்பை ஊதத் தொடங்கிவிட்டீர். பிறகு என்னைப் பார்க்காமலே, "ரெண்டு நிமிசம் எண்டு ஒண்டு இல்லையப்பா" என்றீர்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் எடுக்கவில்லை. மகள் பிறந்தாள். அவளை நீர் தரையில் விட்டு நான் கண்டது குறைவு. கிணற்றடி, கோயில், கடை எங்கே போனாலும் இடுப்பில் அவள். "பிள்ளை தனக்குக் கால் இருக்கிறதை மறந்திடப் போறாள்" என்று நான் பகிடி விட்டால், "கால் இருக்கிறதுதானே பயம்" என்பீர்.

அப்படிப்பட்ட நீரே ஒரு நாள் விட்டுவிட்டுப் போனீர். டெங்குக் காய்ச்சல் முற்றி உம்மை ஆஸ்பத்திரித் தள்ளுவண்டிலில் உள்ளே கொண்டுபோனபோது மகள் பின்னாலே ஓடி வந்து கத்தினாள். "அப்பாவோடை நில்லுங்கோ குஞ்சு. அம்மா ரெண்டு நிமிசத்திலை வந்திடுவன்" என்றீர். நான் திடுக்கிட்டு உம்மைப் பார்த்தேன். நீர் என்னைப் பார்க்கவில்லை. உம்முடைய வாயால் அந்தச் சொல் வந்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு உம்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு நான் தனியே ஓர் இடத்துக்கும் போனதில்லை. காலையில் முன்பள்ளி. அது விட்டதும் மகள் ஓட்டோவில் என்னோடு. தலைமயிர் வெட்டப் போனால் மடியில் அவள், அவளுடைய தலை முழுக்க என்னுடைய மயிர். மலசலகூடத்துக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று அவள் பாட வேண்டும். பாட்டு நின்றால் நான் பாதியில் ஓடி வருவேன். ஒரு நாள் அவள் தும்முவதற்காகப் பாட்டை நிறுத்தியபோது நான் வெளியே வந்த கோலத்தை ஓட்டோக்காரப் பொடியள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "நான் என்ன பிள்ளையைத் தின்னவே போறன்? விட்டிட்டுப் போங்கோவன்" என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டார். நான் விடவில்லை. ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு ஆடுகள் மாதிரித் திரிகிறோம். மூச்சு முட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் ஏலாது. சொல்லுகிற நேரமும் பிள்ளை பக்கத்தில்தானே நிற்கிறாள்.

உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு உம்முடைய அக்கா என்னைக் கூப்பிட்டு இருத்தினார். "தம்பி, ஆம்பிளை ஒராள் தனியப் பொம்பிளைப் பிள்ளையை வளர்க்கிறது லேசில்லை. எங்கடை வீட்டிலை வளரட்டும். நான் இப்பவே கேக்கேல்லை. ஆனா நீங்கள் அவளைத் தனிய விட்டிட்டுப் போனதாக் கேள்விப்பட்டன் எண்டால், அண்டைக்கே வந்து கூட்டிக்கொண்டு போவன்" என்றார். சும்மா வெருட்டவில்லை. உருத்திரபுரத்தில் இருந்து வந்து நின்று சொன்னதைச் செய்கிற மனிசி. உமக்குத் தெரியாததா?

போன மாதம் முன்பள்ளி ரீச்சர் என்னை வாசலில் மறித்தார். "உங்கடை மகள் மற்றப் பிள்ளையளைத் தனிய ரொயிலெற்றுக்குப் போக விடுறா இல்லை. கதவடியிலை நிண்டு 'பாடு, பாடு' எண்டு அழுறா" என்றார். நீர் எனக்குத் தந்ததை நான் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். இனி அவளைத் தனியே விட்டுப் பழக்கினால் அக்கா கொண்டுபோய்விடுவார். விடாமல் வைத்திருந்தால் பிள்ளை இப்படியே வளர்ந்துவிடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலிதான்.

அந்தக் கிழமையே மாட்டுப்பட்டேன். மகளுக்குக் காய்ச்சல். வெளியே அடைமழை. பாமசி வீதிக்கு மறுபக்கம். ஓட்டோவின் மழைப்படங்கை இரண்டு பக்கமும் இறக்கிவிட்டு உள்ளே இருந்தேன். தூக்கிக்கொண்டு போனால் நனைந்துவிடுவாள். காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குலை நடுங்குகிறது. கடைக்காரரைக் கூப்பிட்டேன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவர் சாப்பாட்டுக்குப் போவதற்காகக் கதவைப் பாதி இழுத்தார். நான் ஒரு காலை வெளியே வைத்தேன், திரும்ப உள்ளே எடுத்தேன், திரும்பவும் வைத்தேன். அவள் பின்சீற்றில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டு வாங்கோ அப்பா. நான் இருக்கிறன்."

"பயமில்லையே?"

"இருக்கு. போட்டு வாங்கோ."

போனேன். கடைக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டோவையே பார்த்தபடி நின்றேன். "இஞ்சாலை திரும்பும் தம்பி. எத்தினை வயசுப் பிள்ளைக்கு?" என்றார். "நாலு" என்று வீதிக்குச் சொன்னேன். மழைப்படங்குக்கு உள்ளே இருப்பது ஒன்றும் தெரியவில்லை. மருந்தைப் பறித்துக்கொண்டு ஓடி வந்து படங்கைத் தூக்கினேன். இருந்தாள். "அதுக்குள்ளை வந்திட்டீங்களே?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழைத்தண்ணீர் என்று நினைத்திருப்பாள்.

ஊர் சும்மா இருக்குமா? யாரோ கண்டு சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் அக்கா வந்து இறங்கிவிட்டார், கையில் ஒரு வெறும் பையோடு. பிள்ளையின் உடுப்பை அடுக்கத்தான் அந்தப் பை. செருப்பைக் கழற்றாமல் வாசலில் வைத்தே மகளிடம் கேட்டார்.

"அப்பா உன்னைத் தனிய விட்டிட்டுப் போனவரோ?"

"ஓம் பெரியம்மா. நான்தான் அனுப்பினனான்."

அக்கா கதிரையில் இருந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழையைச் சொன்னேன், முன்பள்ளிக் கதையைச் சொன்னேன். "உங்கடை தங்கச்சி பழக்கின பழக்கம்தானே அக்கா. தம்பியை விட்டிட்டு எழும்பின நாளிலை இருந்து அவள் அப்பிடித்தான்" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "ஏன் எழும்பினவள் எண்டு உங்களுக்குச் சொன்னவளோ?"

"இல்லை."

"நான்தான் கூப்பிட்டனான். பக்கத்திலை ஒரு கிழவிக்குக் காயம். எனக்குத் தனியத் தூக்க ஏலாமல் கிடந்தது. ரெண்டு நிமிசம் வாடி எண்டு நான்தான் கூப்பிட்டனான். அம்மா சாகுமட்டும் அவளைத்தான் ஏசினவா. அவள் வாய் திறக்கேல்லை. நானும் திறக்கேல்லை."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை நீர் எனக்குச் சொல்லவில்லை. அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அடுப்பை ஊதிக்கொண்டிருந்திருக்கிறீர். எனக்கு உம்மை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

பின்னேரம் அக்காவைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். பை வெறுமையாகவே இருந்தது. என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அக்கா ஏற வேண்டிய பரந்தன் பஸ் வருவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. மூன்று பேரும் வாங்கில் இருந்தோம். அந்த நேரம் பார்த்து, கால் வெட்டுப்பட்ட ஒருவரை இரத்தம் வழிய வழியத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நிலையத்தில் வேறு ஓட்டோ இல்லை. பின்சீற்றில் அவரும் இரண்டு பேரும், முன்னால் என் பக்கத்தில் இன்னொருவர். மகளுக்கு இடமில்லை. இடமிருந்தாலும் அந்த இரத்தத்துக்குள் அவளை ஏற்ற ஏலாது. அக்காவோடு விட்டால், நான் திரும்பி வரும்போது இரண்டு பேரும் பஸ் ஏறிப் போயிருக்கலாம். போனால் அவரைப் பிழை சொல்லவும் எனக்கு வாய் இல்லை. "கெதியா எடுங்கோ அண்ணை!" என்று ஓட்டோவுக்குள் இருந்து கத்தினார்கள்.

"அக்கா, ஒருக்காப் பிள்ளையைப் பாருங்கோ. வந்திடுறன்" என்றேன்.

அவருடைய முகத்தில் இரத்தம் இல்லாமல் போய்விட்டது. மாட்டேன் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது பரந்தன் பஸ் எனக்கு எதிரே வந்து கடந்து போனது. யன்னல் யன்னலாகப் பார்த்தேன். சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. ஒரு முகமும் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு ஓட்டோவை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா வாங்கிலேயே இருந்தார். மற்ற எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். அவர் மட்டும் மகளை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"பஸ் போட்டுதே அக்கா?"

"ஓம். எனக்கு முன்னாலைதான் வந்து நிண்டது. எழும்பப் பயமாக் கிடந்தது."

"பெரியம்மா கையை விடுறா இல்லை அப்பா. நோகுது" என்றாள் மகள்.

அன்று அக்கா எங்களோடு தங்கிவிட்டு மறுநாள்தான் போனார். அந்த வெறும் பையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மறந்துவிட்டாரோ, திரும்ப வருவாரோ தெரியாது. நான் அதைத் தொடவில்லை. மகளை இப்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன். கடைக்குள் போய் வருகிற நேரம் அவள் ஓட்டோவில் இருப்பாள். அவள் பழகிவிட்டாள். எனக்குத்தான் பழகவில்லை.

உம்முடைய தம்பியை நான் ஒரு நாளும் கண்டதில்லை. உங்கள் வீட்டில் அவனுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. என்றாலும் ஒவ்வொரு முறை கடையில் இருந்து திரும்பி வரும்போதும், என் மகள் இருக்கிறாளா என்று பார்க்குமுன், அவன் வந்து பக்கத்தில் இருக்கிறானா என்றுதான் பார்க்கிறேன்.