குண்டுமணி பதிவாகிவிட்டாள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

தம்பி செந்தில் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. நாளைக்கு அவன் மகளுக்குப் பெயர் வைக்கிறோம். அத்தை நான்தான் குழந்தை காதில் மூன்று தடவை பெயர் சொல்ல வேண்டும். யாழினி என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டு எழுமலையிலிருந்து தல்லாகுளத்தில் அவன் வீட்டுக்கு வந்து இறங்கினால், அவன் போனை நீட்டுகிறான்.

"அக்கா, பாப்பா பேரை ப்ளாக்செயின்ல பதிஞ்சிட்டேன். இதுக்குன்னு ஒரு ஆபீசு கிடையாது. ஊருலகத்துல உள்ள ஏகப்பட்ட கம்ப்யூட்டர்ல இருக்கும். ஒரு பேரு ஒருத்தருக்குத்தான், நம்மளக் கேக்காம யாரும் மாத்த முடியாது."

வாங்கிப் பார்த்தேன். குண்டுமணி என்று இருக்கிறது.

"டேய், அது நான் கொஞ்சுறதுக்குக் கூப்புடுறதுடா!"

"பொறந்ததுலருந்து நீ அப்படித்தானக்கா கூப்புடுற? அத்தை வைக்கிறதுதானே பேரு?"

அந்த மூஞ்சியைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை.

"சரி, அதை விட்டுரு. நாளைக்கு நான் சொல்ற பேரைப் பதி."

"விட்டுறலாம்க்கா. வருசா வருசம் பணம் கட்டிப் புதுப்பிக்காம இருந்தா தானாப் போயிரும். அப்புறம் வேற யாராச்சும் எடுத்துக்குவாங்க."

வேறு யாராவதா? முகம் தெரியாத எவளோ ஒருத்தி குண்டுமணியா?

"வருசா வருசம் மறக்காமப் புதுப்பிச்சிரு. நான் போன் போட்டு ஞாபகப்படுத்துறேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

யாழினி, யாழினி என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் தொட்டிலில் சிணுங்கினாள். "என்னடி குண்டுமணி" என்றேன். உடனே அடங்கிவிட்டாள்.

நாளைக்குக் காதில் என்ன சொல்லப் போகிறேனோ.