ஆர்மோனியம்

ஞாயிறு, இரவு.

இன்று மைக்கில் ‘ஹார்மோன்’ என்பதை ‘ஆர்மோனியம்’ என்று வாசித்துத் தொலைத்தேன். ஊரைச் சிரிக்க வைக்கிறவன் என்று எனக்குப் பெயர். இன்று முயற்சி செய்யாமலே எங்கள் மலையூர் முழுக்கச் சிரித்தது.

எல்லாம் உரக்கடை கோவிந்தனால் வந்தது. கோடை விழாவில் பெண்கள் ஓட்டம். மகளுக்குப் பரிசு இல்லை என்றதும் மேடையேறிவிட்டான். கனகா என்ற திருநங்கையும் ஓடியிருந்தாள், அதைப் பிடித்துக்கொண்டான்.

“அது உடம்புல ஆம்பள ஹார்மோன் கீது. பொண்ணுங்களோட ஓடுனா இன்னா நியாயம்?”

அவன் மகள் பாதி வழியில் நின்று செல்ஃபி எடுத்ததை நான் பார்த்தேன். அது எந்த ஹார்மோனாம்?

கனகா குரலை உயர்த்தவில்லை. “அந்த ஹார்மோன கொறைக்க வருசக்கணக்கா மாத்திரை போட்றேங்க. மின்ன மாதிரி மேடு ஏற முடியல. டாக்டர் சீட்டு காட்டட்டுமா?”

சீட்டை வாங்கிப் பார்க்க விழாக் குழுவில் ஒருவனும் கை நீட்டவில்லை. பாதிப் பேர் கோவிந்தனின் பங்காளிகள். இனி கனகா ஓடக்கூடாது என்று முடிவெழுதி, அறிவிப்பாளனான என் கையில் திணித்தார்கள். கிழித்துப் போட்டிருக்கலாம். கோழைப்பயல், வாசித்தேன். “ஆர்மோனியம் காரணமாக…”

கூட்டம் சிரித்தது. கனகா நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றிக்கொண்டே, “தொரத்துறதுதான் தொரத்துறீங்க, ஒழுங்கா படிச்சிட்டாவது தொரத்துங்கண்ணே” என்றாள்.

கோவிந்தன் நாசமாய்ப் போக. கூடவே நானும்.

அவன் மகள் ஓட்டத்தில் கடைசிக்கு முந்தி வந்தாள். கடைசியாக வந்தது கனகா.